துறைக்காரிக்குச் சொந்தம் யாருமில்லை

அந்த மெரூன் வேண்டாம் தம்பி, வாரு கடிக்கும். மெத்துன்னு இருக்கும்லா, அடியில தக்கை மாதிரி, அதுல எடுங்க. ஏழு. என் காலுக்கு ஏழுதான். இருக்கட்டும், செருப்ப பைய பாத்துக்கிடலாம், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. மொதல்ல இதச் சொல்லுங்க. நேத்துச் சாயந்திரம் குழுவுல ஒரு அறிவிப்பு போட்டீயல்லா, அது நெசமாவே போட்டதா, இல்ல யார் மேலயோ உள்ள கோவத்துல போட்டதா?

எந்தக் குழுவா? எத்தன குழு வச்சிருக்கீய? மஞ்சணத்திக் கோட்டைதான். ஏன் இப்படி முழிக்கீய, ஸ்டூல விட்டு எறங்குங்க. விழுந்து வச்சீயன்னா உங்க வாப்பா என்னயத்தான் கேப்பாவ. சுஹைல் நீங்கதான? குழுவுக்கு அட்மின் நீங்கதான? நான்தான் துறைக்காரி.

ஆமா, படகுத்துறைக்காரி. நானேதான். நெசப் பேரு ஞானசௌந்தரி, பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க்கு. என்ன, காலேஜ் படிக்குத பையன்னு நெனச்சிருந்தீயளா? எல்லாரும் அப்படித்தான் நெனைக்காங்க. நல்லா எழுதுனா பையன், தப்பும் தவறுமா எழுதுனா பொம்பள. சவத்த விடுங்க, அதுக்குச் சண்டை போட நான் வரல.

எப்படிக் கண்டுபிடிச்சேனா? கடைப் போர்டு போட்டோவ ஒரு நாள் குழுவுல போட்டீயல்லா, ரெண்டு பக்கமும் ஒட்டகம் வரஞ்ச போர்டு. வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒட்டகம் போட்ட செருப்புக் கடைன்னு கேட்டேன், சின்னப்பிள்ள கூட கைய நீட்டுது. நேத்துலேருந்து தனிச்செய்தி அனுப்பிக்கிட்டே இருக்கேன், நீங்க பாக்கல. அறிவிப்பப் பாத்த ஆளுங்க அத்தன பேரும் திட்டி அனுப்பியிருப்பாங்க, அதுல என்னுதும் அமுங்கியிருக்கும். சரி, ஆளு நேர்ல போயி நின்னா என்ன செய்வாரு பாப்போம்னு பஸ் ஏறிட்டேன்.

அண்ணாச்சிக்கு ரப்பர் செருப்பு வேணுமாம், எடுத்துக் குடுங்க. நான் நிக்கேன். என்ன அண்ணாச்சி பாக்கீய? சண்டை இல்ல. இல்லைய்யா, கடன்காரியும் இல்ல. நாங்க போன்ல ஒரு நாடகம் போடுதோம். மேடை கெடையாது, மூஞ்சி கெடையாது, எழுத்துதான். மஞ்சணத்திக் கோட்டைன்னு ஒரு தொடர்கதை வந்துச்சு செல்போன்ல, அதுல உள்ள ராசா மாதிரி ஒருத்தர் எழுதுவாரு, தளபதி மாதிரி ஒருத்தர் எழுதுவாரு, ராசா கேட்டா தளபதி பதில் எழுதணும். அப்படியே கதை ஓடும். இந்தத் தம்பிதான் எங்களுக்கு வாத்தியாரு. நேத்து பாதிப் பேர மேடைய விட்டு எறங்குன்னுட்டாரு. அதான் கேக்க வந்தேன். ஆமா அண்ணாச்சி, வேலையத்த வேலைதான். அந்த எட்டாம் நம்பரு உங்களுக்குச் சரியா இருக்கும், அதப் போட்டுப் பாருங்க.

சரி, இப்ப சொல்லுங்க. ஞாயித்துக்கிழமையிலேருந்து ஓசி யாரும் கெடையாது, கேனன் ஆளுங்க மட்டுந்தான். இதான அறிவிப்பு? எனக்கு வெளக்கம் சொல்லாதீங்க தம்பி. கேனன்னா தொடர்கதை எழுதுன அம்மா உண்டாக்குன ஆளு, ஓசின்னா நாமளா சொந்தமா உண்டாக்குன ஆளு. நீங்க எழுதி குழு உச்சியில ஒட்டி வச்சிருக்கீயல்லா, ஆமென் வரைக்கும் மனப்பாடமா சொல்லுவேன். எங்க ஆபீஸ்ல பேச்சித்தாய்னு ஒரு அக்கா உண்டு. ஓசின்னு நான் சொன்னதும், என்னத்தளா இனாமாக் குடுக்காங்கன்னு கேட்டா. இனாமா வந்த ஆளு மாதிரிதான எங்கள நடத்துதீய. பந்தியில கூப்பிடாம வந்து உக்காந்தவன எழுப்பி விடுதாப்ல எழுப்புதீய.

நான் கோவமாத்தான் பேசுவேன். கோவம் இல்லாம எதுக்கு ரெண்டு பஸ் மாறி வாறேன்?

நான் சேந்த புதுசுல ஒரு பதிவு போட்டேன், உங்களுக்கு ஞாவகம் இருக்காது. ஆத்துல தண்ணி ஏறியிருக்கு, அக்கரைக்குப் போற ஆளு யாராச்சும் உண்டான்னு படகுக்காரி கூப்பிடுதா. அவ்வளவுதான் எழுதுனேன். ஒருத்தர் பதில் போடல. எனக்கு மேல தளபதி வாள் தீட்டுதாரு, எனக்குக் கீழ இளவரசன் நெலாவப் பாக்கான், நடுவுல நான் துடுப்ப வச்சிக்கிட்டு நிக்கேன். மறுநாளும் கூப்பிட்டேன். அதுக்கு மறுநாளும். ஒரு நாயாவது அக்கரையில கொலைச்சிருக்கலாம். அதே வேளையில தளபதி கொட்டாவி விட்டான்னு ஒரு வரி போட்டா போதும், தளபதியாருக்குத் தூக்கமா, விசிறவா, பால் கொண்டு வரவான்னு வரிசையா வந்து விழுதாங்க. கேனன் ஆளு கொட்டாவி விட்டாலும் கதை. ஓசி தொண்டை கிழிய கத்துனாலும் காத்து.

அப்புறம் உங்க விதிமுறை. ஓசி அழகா இருக்கப்படாது. ஓசிக்கு மந்திரம் தெரியப்படாது. ஓசி இளவரசன லவ் பண்ணப்படாது. ஓசி யாரும் ராச குடும்பத்துக்குச் சொந்தம்னு எழுதப்படாது, காணாமப் போன அக்கா, ஒளிச்சு வளத்த தங்கச்சி, எதுவும் கூடாது. எனக்கு முந்தி அப்படி எத்தனயோ தங்கச்சிங்க கெளம்பி வந்துட்டாங்களாமே. வாறவ எல்லாம் இளவரசிக்கு ரெட்டைப் பொறப்பாம்லா. எனக்கே சிரிப்பு வந்துச்சு. நான் எழுதிக் குடுத்தேன், துறைக்காரிக்குச் சொந்தம் யாருமில்ல, ஆறும் படகும்தான்னு. நீங்க கூட நல்ல ஓசின்னு ஒரு பூ போட்டீய. அந்தப் பூவுக்காக நான் அன்னைக்கு முழுக்க சந்தோசமா இருந்தேன், கேளுங்க, இந்த வயசுல.

அந்தத் தளபதியா எழுதுதது எஸ்றாதான? என்ஜினீயரிங் படிக்குத பையன். என் படக ரெண்டு தடவ ஒடைச்சிட்டான். அடுத்தவங்க ஆள அவங்களக் கேக்காம அடிக்கப்படாதுன்னு விதி இருக்கா இல்லையா? தளபதி கோவத்துல படகப் பிளந்தான்னு ஒரே வரியில எழுதிட்டு அவன் பாட்டுக்கு பரோட்டா திங்கப் போயிருப்பான். நான் உங்ககிட்ட முறையிட்டா, கேனன்லயும் தளபதி கோவக்காரன்தானே அக்கான்னு ஒரு பதில். ஏன், கேனன்ல என் படகு இருக்கா ஒடைக்கதுக்கு? சரி போட்டும்னு அயினிமரம் வெட்டி, பலகை இழைச்சு, தண்ணி ஏறாம கீலு பூசி, ரெண்டு தடவயும் புதுப்படகு நான்தான் செஞ்சேன். ஒருத்தர் ஒத்தாசைக்கு வரல. கீலு எப்படிக் காய்ச்சணும்னு தெரிஞ்சுக்கிட வேலை மெனக்கெட்டு படிச்சிட்டு வந்து எழுதுனேன். அத யாரும் வாசிக்கக் கூட இல்ல.

சிரிக்காதீங்க. எனக்கு இது விளையாட்டு இல்ல.

ஆங், வந்துட்டீயளா விசயத்துக்கு. இப்படிச் சொல்லுங்க நேரா. அறிவிப்பு ஓசி எல்லாருக்கும் போட்டிருக்கீய, ஆனா குத்துனது என்னய ஒருத்தியத்தான். ஒரு ஆள நீக்குனா சண்டை வரும்னு வகையோட சேத்து நீக்கியிருக்கீய. அப்படித்தான? தலைய ஆட்டுங்க போதும்.

இளவரசி துறைக்கே வந்து கெடக்கான்னா அதுக்கு நான் என்ன செய்ய? நானா பல்லக்கு அனுப்பிக் கூப்பிடுதேன்? இளவரசன் வேட்டைப் பாசறையில கூடாரம் அடிச்சு அவ வரட்டும்னு மாசக்கணக்கா காத்துக் கெடக்கான்னா அந்த ஆள மானு, மயிலு எதையாவது பாக்கச் சொல்லுங்க. கதை நகரலங்கீய. எங்க துறையில கதை நகருதே. ஆறு ஏறுது, வத்துது, நாங்க ரெண்டு பேரும் படியில உக்காந்து பேசுதோம். அது கதையில்லையா? வாள எடுத்தாத்தான் கதையா?

கேனன் கெட்டுப் போச்சு. ஆமா, தளபதி போட்ட பெட்டிசன நானும் படிச்சேன். மூலக்கதையில இளவரசி குதிரையில பறப்பா, மதில் ஏறுவா. இந்தப் பிள்ளை என்னன்னா துறைக்கு வந்து மீன் வாடை கொமட்டுதுங்கா, நாலு படி எறங்குனா மூச்சு வாங்குதுங்கா, கால் வீங்கி தண்டை இறுக்குதுங்கா. இளவரசிக்குக் கால் வீங்கப்படாதுன்னு எந்த அத்தியாயத்துல இருக்கு? அதுக்கு துறைக்காரி வாற்கோதுமைக் கஞ்சி சொன்னா தப்பா? கால ஒசத்தி வச்சுப் படுன்னா தப்பா? கோட்டைச் சுவர்ல கணக்குப்பிள்ளைன்னு ஒரு நொண்டி மைனா வந்து நடக்குதுன்னு அவ எழுதுனா. அதுக்கும் ஒரு சண்டை, மூலக்கதையில மைனாவே கெடையாதுன்னு. ஒரு மைனாவுக்கு எடம் இல்லாத கோட்டையாய்யா அது?

அடைப்புக்குறியா? அதையும் கேட்டுருங்க. வெளிய எழுதுனா கதைப்பேச்சு, அடைப்புக்குறிக்குள்ள எழுதுனா நெசப்பேச்சு. எல்லாரும் நடுநடுவுல அடைப்புக்குறி போட்டு, அக்கா சாப்பிட்டீயளா, கரண்ட் போச்சு, நாளைக்குப் பரீச்சைன்னு பேசிக்கிடுதாங்க. நானும் இளவரசியும் மட்டும் இந்த ஒண்ணரை வருசத்துல ஒருத்தருக்கொருத்தர் ஒரு அடைப்புக்குறி போட்டதில்ல. நீங்க அதக் கவனிச்சு வச்சிருக்கீயன்னா கெட்டிக்காரர்தான். ஏன் போடலன்னா... போட வேண்டிய தேவை வரல. அவ்வளவுதான். கதைக்குள்ளயே எங்களுக்குப் பேச வேண்டியது எல்லாம் இருந்துச்சு.

ஒரு வாய் தண்ணி குடுங்க. இந்த வெயில்ல வள்ளியூரு காத்து என்னா போடு போடுது. கண்ணுல எல்லாம் மண்ணு.

என்னது? ராசாவா? எனக்கா?

பழைய ராசா பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டாரா. அதான் போன வாரமெல்லாம் அரியணை காலியாக் கெடந்துச்சு. தம்பி, நீங்க நல்ல மனசோடதான் குடுக்கீய, எனக்குத் தெரியுது. ராசா வேஷத்துக்கு எத்தன பேரு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்காங்கன்னும் தெரியும். துறைக்காரிய மட்டும் மூடிட்டு ராசாவா வந்துருங்கங்கீய. நான் எழுதுனா எல்லாரும் பதில் போடுவாங்க. கொட்டாவி விட்டாலும் விசிறுவாங்க.

வேண்டாம்.

யோசிக்கதுக்கு ஒண்ணுமில்ல. அடுத்து வாறது என்ன அத்தியாயம்? தர்பார்தான? எதிரிப் படையில உள்ள வில்லுக்காரன இளவரசி மனசுல நெனச்சதுக்காக ராசா சபையக் கூட்டி, அவளப் பாத்து, நீ எம் மவளே இல்ல, வெளிய போன்னு ஒரு பக்கத்துக்குப் பேசுவாரு. எழுதுன அம்மா அந்த எடத்துல ஈவு எரக்கமே இல்லாம எழுதியிருப்பாங்க. படிச்சவங்க எல்லாரும் அழுதாங்க, நானும் அழுதேன். கேனன் வேஷம் வாங்குனவங்க கேனன் வசனத்த மாத்தப்படாது, அதுவும் உங்க விதி. அப்போ அத நான் என் வெரலால தட்டி, இளவரசிக்கு அனுப்பணும். அவ அந்தப் பக்கம் உக்காந்து வாசிப்பா. என்னால முடியாது. வேற யாருக்காவது குடுங்க.

வெறும் கதைதான்னு சொல்லுதீய. கதைன்னு எனக்கும் தெரியும் தம்பி. நான் கிறுக்கி இல்ல.

எங்க அப்பா அவ்வளவு நீளமா பேசல. அதத்தான் சொல்ல வந்தேன். நெசத்துல யாரும் ஒரு பக்கத்துக்குப் பேச மாட்டாங்க. எனக்கு ஒரு தங்கச்சி உண்டு, ஃபெபி. எங்க வீட்டுக்கே அவதான் சத்தம். அந்தத் தொடர்கதைய எனக்குக் காட்டுனதே அவதான், ஒத்த போன்ல ரெண்டு பேரும் தலைய முட்டிக்கிட்டு படிப்போம். பொறவாசல் சன்னல்ல உக்காந்துதான் படிக்கது. அங்கன ஒரு மைனா வரும், ஒரு காலு ஊனம். மதில் மேல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பெரிய ஆபீசர் மாதிரி நடக்கும். அவதான் அதுக்கு கணக்குப்பிள்ளைன்னு பேரு வச்சா. எங்க ரெண்டு பேரத் தவிர அந்தப் பேரு எங்க அம்மாவுக்குக் கூடத் தெரியாது.

நீங்க சும்மா கேளுங்க. நடுவுல பேசாதீங்க.

அவ இசக்கிமுருகன்னு ஒரு பையனக் கட்டிக்கிட்டா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. லேத்துப் பட்டறை வேலை. நல்ல பையன், நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன். எங்க சபை இல்ல, கிறிஸ்தவங்களே இல்ல. கட்டுன கையோட ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. கேட்டுக்கு வெளிய நிக்காங்க. அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு, சத்தம் போட்டே பழகுனவங்க, அன்னைக்கு சத்தமே போடல. அம்மாவப் பாத்து, இனிமே மூணு தட்டு வச்சாப் போதும்னாவ. அவ்வளவுதான் அவங்க தர்பார். அப்புறம் உள்ள போயி வேதப்புத்தகத்த எடுத்துட்டு வந்து என் முன்னால நீட்டுனாவ. நீ இவகூட பேசமாட்ட, எழுதமாட்ட, இவ வாசப்படி மிதிக்கமாட்ட, சொல்லுன்னாவ. சத்தியமே பண்ணப்படாதுன்னு அந்தப் புத்தகத்துலதான் எழுதியிருக்கு. நான் சொல்லிப் பாத்தேன். அப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சுல ஒரு அடைப்பு, நீயும் போயிட்டா நான் மாத்திரை முழுங்க மாட்டேன்னுட்டாவ. சும்மா சொல்லல, அதுக்கு முந்துன ரெண்டு நாளும் முழுங்கல. ஃபெபி கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டே, பண்ணுக்கா, பண்ணிருன்னு தலைய ஆட்டுதா. கை வச்சேன். அவ என் செருப்பப் போட்டுக்கிட்டுத்தான் வந்திருந்தா, எங்களுக்கு ஒரே அளவு, எது யாருதுன்னு பாக்க மாட்டோம். அப்படியே திரும்பிப் போயிட்டா.

இப்ப திருச்செந்தூர் பக்கம் இருக்காளாம். எந்தத் தெருன்னு தெரியாது, யார்கிட்டயும் கேட்டதுமில்ல. எங்க ஆபீஸ் வாசல்ல நிக்குத பஸ்ல ஏறுனா ஒண்ணரை மணி நேரம். தெனம் சாயந்திரம் அந்த பஸ்ஸு என் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். கண்டக்டரு திருச்செந்தூர் திருச்செந்தூர்னு என்னயப் பாத்துத்தான் கத்துவான். நான் அந்தப் பக்கம் திரும்பி மாடக்கண்ணு கடையில தொங்குத வாழத்தாரப் பாத்துக்கிட்டு நிப்பேன், அது போற வரைக்கும். சத்தியத்த மீறல. இன்னைக்கு வரைக்கும் ஞானசௌந்தரி அவகூட ஒரு வார்த்த பேசல, ஒரு வரி எழுதல. ஆண்டவரு எப்படிக் கணக்கு பாப்பாரோ எனக்குத் தெரியாது, என் கணக்குல மீறல.

அவ உங்க குழுவுல இருக்கான்னு மட்டும் எனக்குத் தெரியும். முந்தி எப்பவோ சொல்லியிருக்கா, அக்கா நீயும் வாயேன், அங்க நான் ஒரு பெரிய ஆளுன்னு. என்ன ஆளுன்னு சொல்லல. வீடு கெடந்த கெடப்புல ஒரு நாள் சேந்துட்டேன். அதுக்குப் பெறகு நடந்ததுதான் நீங்க பாத்தீயளே. துறையில நின்னு கூப்பிட்டேன், கூப்பிட்டேன், யாரும் வரல. ஒரு நாள் இளவரசி அவ பாட்டுக்கு கோட்டைச் சுவர்ல கணக்குப்பிள்ளைன்னு ஒரு மைனாவ எழுதுனா. நான் கீழ துறையிலேருந்து கேட்டேன், அம்மா இளவரசி, கணக்குப்பிள்ளை இன்னைக்கும் இடதுகால நொண்டிக்கிட்டுத்தான் வந்தாரான்னு. இடதுகால்னு அவ எழுதியிருக்கல. மூணாம் நாளு இளவரசி குதிரைய விட்டு எறங்கி, தனியா நடந்து, துறைக்கு வந்தா. வந்து, படகுக்காரி, எனக்கு அக்கரைக்குப் போக வேண்டாம், சும்மா இங்கன உக்காந்துக்கிடட்டுமான்னு கேட்டா.

உக்காருங்கன்னேன். வேற என்ன சொல்லுவேன்.

அவளும் அடைப்புக்குறி போடல. போட்டா நான் மீறுனவளா ஆயிருவேன்னு அவளுக்குத் தெரியும். கேட்டுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்தவல்லா.

நீங்க எதுக்கு மொகத்தத் தொடைக்கீய? நான் அழவே இல்ல, நீங்க ஏன். பாருங்க, அடுத்த ஆளு வந்துருவாங்க கடைக்கு. வாப்பா தொழுகை முடிச்சு வாறதுக்குள்ள நான் கெளம்பணும். அம்மா வேற வாசலப் பாத்துக்கிட்டு இருப்பா. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், போன் தெரியாது. துறைக்கு வாறது யாருன்னு நான் சொன்னதில்ல அவகிட்ட. ஆனா தெனம் விளக்கு வச்சதும் பூண்டு உரிச்சிக்கிட்டே கேப்பா, ஏளா, இன்னைக்கு துறைக்கு ஆளு வந்துச்சா, ஆத்துல தண்ணி எப்படி இருக்குன்னு. வாற்கோதுமைக் கஞ்சி என் மூளையில உதிச்சதுன்னா நெனச்சீய? அப்பா பேப்பர மூஞ்சிக்கு நேரா பிடிச்சிக்கிட்டு பக்கத்துலதான் இருப்பாவ. பக்கத்தத் திருப்பமாட்டாவ.

சரி, அந்த மெத்துச் செருப்ப எடுங்க. ஏழு வேண்டாம், உள்ள வச்சிருங்க. எட்டு குடுங்க. எனக்கு இல்ல தம்பி. காலு வீங்கியிருக்கு, ஏழு இப்ப ஏறாது. இறுக்காத வாரா பாத்து எடுங்க, குனிஞ்சு மாட்ட முடியாது அவளால.

கூரியர்லதான் போடணும். போன பொங்கலுக்கு குழுப் பேரு போட்ட சாவிக்கொத்து எல்லாருக்கும் அனுப்புனீயல்லா, இளவரசி முகவரி உங்ககிட்ட இருக்கும். என்கிட்டச் சொல்லாண்டாம். அத எழுதும்போது நான் அந்தால திரும்பிக்கிடுதேன்.

விதிய மீறிட்டேன்தான். ராச குடும்பத்துல ஓசிக்குச் சொந்தம் இருக்கப்படாதுன்னு நீங்க எழுதியிருக்கீய, நானும் யாருமில்லன்னு எழுதிக் குடுத்தேன். அதுக்காக நீக்கணும்னா நீக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல. தளபதிய விட்டு படக மூணாம் தடவயும் ஒடைக்கச் சொல்லுங்க. ஆனா இந்த ஞாயித்துக்கிழமை வேண்டாம். பிள்ள பொறந்து, ஆணா பொண்ணா, தாயும் பிள்ளையும் சுகமான்னு அவ துறையில வந்து சொல்லுத வரைக்கும் படகு கெடக்கட்டும். அங்கன வந்து சொல்லலன்னா எங்களுக்கு அவ எங்க வச்சுச் சொல்லுவா?

அனுப்புதவங்க பேரா? என் பேரப் போட்டிராதீங்க, சத்தியம் பண்ணியிருக்கேன். படகுத்துறைக்காரின்னு போடுங்க. அவளுக்குத் தெரியும்.